தொப்பி எழுத்துகளும் ஒரு னகர ஒற்றும்

எல்லா நாட்டவருக்கும் பொதுவாக ஒருவர் உருவாக்கிய எஸ்பெராண்டோ மொழியைப் பழகத் தொடங்கிய முதல் வாரம், சொற்களை ஒரு நாற்பது பக்க நோட்டில் தமிழ் எழுத்திலேயே குறித்துக்கொண்டு வந்தேன். 'பானோ' என்றால் ரொட்டி. நாலு வரி தள்ளி மறுபடியும் 'பானோ', இந்த முறை குளியல். 'போர்தோ' என்றால் கதவு. அடுத்த பக்கத்து 'போர்தோ' கரை. 'பாகோ' பொட்டலம், இன்னொரு 'பாகோ' கட்டணம். 'மோந்தோ' மலை என்று எழுதிய கையோடு 'மோந்தோ' உலகம் என்றும் எழுதியிருந்தேன். இரண்டு நாள் கழித்துப் புரட்டிப் பார்த்தபோது, கதவோரமாக ரொட்டியில் குளித்துவிட்டு மலையைச் சுற்றிவந்த கதையாக இருந்தது.

தப்பு அந்த மொழியில் இல்லை. ரோமன் எழுத்தில் இந்த ஜோடிகள் எல்லாம் தெளிவாக வேறு வேறு. 'பழம்' என்பதில் வரும் ப ஒரு ஒலி, 'கம்பி' என்பதில் வரும் ப இன்னொரு ஒலி. நமக்கு இரண்டும் ஒரே எழுத்துதான். எந்த இடத்தில் வருகிறது என்று பார்த்து வாய் தானாகவே மாற்றிக்கொள்கிறது. எஸ்பெராண்டோவில் அவை தனித்தனி எழுத்துகள், மாற்றிச் சொன்னால் பொருளும் மாறிவிடும். யாருக்கும் சொந்தமில்லாத, எல்லாருக்கும் சுலபமான மொழி என்று அறிமுகப்படுத்தப்பட்ட ஒன்றில், வாசற்படியிலேயே தமிழ் நாக்கு தடுக்குகிறது. ஆனால் அதே மொழியின் பெயர்ச்சொல்லுக்குள் நுழைந்தால் கதை தலைகீழ். உருபை ஒட்டவைத்தே பேசிப் பழகிய நமக்கு அது பக்கத்து வீட்டுத் திண்ணை மாதிரி இருக்கிறது. அங்கே தடுமாறுகிறவர்கள் ஆங்கிலமும் பிரெஞ்சும் பேசுகிறவர்கள். இந்த மொழியின் ஒலிகள் அது பிறந்த ஊரிலேயே தங்கிவிட்டன, பெயர்ச்சொல் மட்டும் ஊரைவிட்டு வெகுதூரம் வந்துவிட்டது என்பது என் கணக்கு.

அந்த ஊர் பியாலிஸ்டோக். இன்றைக்குப் போலந்தில் இருக்கிறது, அன்றைக்கு ரஷ்யப் பேரரசுக்குள் இருந்தது. இந்த மொழியை உருவாக்கிய லுட்விக் சாமன்ஹோஃப் 1859-இல் அங்கே ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். ரஷ்யர், போலந்துக்காரர், ஜெர்மானியர், யூதர் என்று ஊரில் நாலு கூட்டம், நாலு மொழி, ஒருவர்மேல் ஒருவருக்கு நம்பிக்கை கிடையாது. அப்பா மொழி ஆசிரியர். மகன் கண் மருத்துவர் ஆனார். 1887 ஜூலையில், வருங்கால மாமனார் கொடுத்த பணத்தில், வார்சாவில் 40 பக்கச் சிறு நூல் ஒன்றை ரஷ்ய மொழியில் அச்சிட்டார். அதில் 16 இலக்கண விதிகள், 900 சொச்சம் வேர்ச்சொற்கள். மொழிக்கு அவர் வைத்த பெயர் வெறுமனே 'சர்வதேச மொழி'. ஆசிரியர் பெயராகப் போட்டுக்கொண்டதுதான் 'டாக்டர் எஸ்பெராண்டோ', அதாவது நம்பிக்கையோடு இருப்பவர். அந்தப் புனைபெயரே மொழிக்கு ஒட்டிக்கொண்டது.

அந்தப் பெயரையே நாம் சரியாகச் சொல்வதில்லை. 'எஸ்பெராண்டோ' என்று எழுதும்போது ண்-க்குப் பின்னால் வரும் ட, 'வண்டி'யில் வருகிற மாதிரி குழைந்துவிடுகிறது. அவர் எழுதியது குழையாத த. 'எஸ்பெராந்தோ' என்று எழுதினாலும் 'பந்து' மாதிரிதான் வாசிப்போம். மெல்லினத்துக்குப் பின்னால் வல்லினம் வந்தால் அது குழைந்தே ஆக வேண்டும் என்பது தமிழின் எழுதாத சட்டம். மலையும் உலகமும் என் நோட்டில் ஒன்றாகிப்போனது இந்தச் சட்டத்தால்தான். மலையில் குழையாத த, உலகத்தில் குழைந்த த, மற்றபடி எல்லாம் ஒன்று. பொட்டலமும் கட்டணமும் மாட்டிக்கொண்டது வேறொரு சட்டத்தில். உயிருக்கு நடுவில் ஒற்றைக் க வந்தால் நாம் அதை அழுத்திச் சொல்வதில்லை. அழுத்த வேண்டுமென்றால் இரட்டிக்கிறோம், 'பகை' வேறு 'பக்கம்' வேறு. எஸ்பெராண்டோவில் ஒற்றையாகவும் இருக்க வேண்டும், அழுத்தமாகவும் இருக்க வேண்டும். பழக எனக்கு ஒரு மாதம் ஆனது.

சரி, மொத்தக் கணக்கைப் பார்க்கலாம். 28 எழுத்துகள். ஒன்பதாம் விதி, எழுதியபடியே வாசி என்கிறது. பத்தாம் விதி, அழுத்தம் எப்போதும் கடைசிக்கு முந்தைய அசையில் என்கிறது. ஐந்தே உயிர்: அ, எ, இ, ஒ, உ. குறில் நெடில் கிடையாது. அழுத்தம் விழுகிற அசை கொஞ்சம் நீண்டு ஒலிப்பதால் நம் காதுக்குப் 'பானோ' என்று கேட்கிறது, ஆனால் அந்த நீளத்துக்குப் பொருள் எதுவும் இல்லை. பல் வேறு பால் வேறு என்று வளர்ந்தவர்களுக்கு இது ஒரு விடுதலை, நீட்டினாலும் குறுக்கினாலும் ரொட்டி ரொட்டிதான். ல, ள, ழ மூன்றுக்கும் சேர்த்து ஒரே ல. ந, ன, ண-வுக்கு ஒன்று. ர, ற-வுக்கு ஒன்று. தமிழ் கற்க வரும் வெளிநாட்டவர் 'பழம்' சொல்ல முடியாமல் படும் பாட்டை நினைத்தால், சாமன்ஹோஃப் இங்கே நிஜமாகவே உலகத்துக்கு இரக்கம் காட்டியிருக்கிறார்.

உயிரில் மிச்சம் பிடித்ததை மெய்யில் செலவழித்துவிட்டார். 23 மெய்கள், அதில் பாதித் தொல்லை நம் 'ச'வின் அக்கம்பக்கத்தில். பை என்பதற்கு 'சாகோ', சதுரங்கத்துக்கு 'ஷாகோ', இதுவரை கிரந்தம் காப்பாற்றுகிறது. அடுத்து, 'பச்சை'யில் வரும் ச்ச ஒரு எழுத்து. 'பேட்ஸ்மேன்' என்று சொல்லும்போது நடுவில் வரும் ட்ஸ் இன்னொரு எழுத்து, அது ஒற்றை மெய்யாகச் சொல்லின் முதலிலேயே வந்து நிற்கும். இலக்கு என்பது 'ட்ஸேலோ', உயிரணு என்பது 'ச்சேலோ'. ஜ-வுக்கு ஒரு எழுத்து இருக்கிறது. அதோடு 'டெலிவிஷன்' என்பதை ஆங்கிலேயர் சொல்லும்போது வருமே, குழைந்த ஷ, அதற்கும் தனி எழுத்து. வயது 'ஆஜோ', பொருள் என்பதும் என் நோட்டில் 'ஆஜோ'. இந்த இரண்டையும் பிரிக்கத் தமிழிலும் வழியில்லை, கிரந்தத்திலும் வழியில்லை.

மெய்கள் அடுக்கி வருவது அடுத்த சோதனை. 'ஸ்கூல்' என்பதையே 'இஸ்கூல்' ஆக்கி ஏறுவதற்கு ஒரு படி வைத்துக்கொள்ளும் நாக்கு நம்முடையது. அணிலுக்கு எஸ்பெராண்டோவில் 'ஸ்ட்ஸியூரோ'. மரத்தில் விறுவிறுவென்று ஏறுகிற ஒரு சின்னப் பிராணிக்கு இவ்வளவு முள்வேலியா என்று தோன்றும். பையன் 'க்நாபோ', காலுறை 'ஷ்த்ரூம்போ'.

இந்த ஒலிகள் எல்லாம் எங்கிருந்து வந்தன என்று ஊகிக்கத் தேவையில்லை, பியாலிஸ்டோக்கின் தெருவில் நின்று கேட்டால் போதும். ட்ஸ், ச்ச, ஷ, குழைந்த ஷ, ஜ, தொண்டையில் உரசும் க என்ற இந்த வரிசை போலந்து மொழியிலும் பெலாரூஸ் மொழியிலும் அந்தப் பக்கத்து யூதர்கள் பேசிய இத்திஷிலும் சாதாரணம். கடைசிக்கு முந்தைய அசையில் அழுத்தம் என்பது போலந்து மொழியின் வழக்கம். 'ஔ'வின் கடைசியில் ஒலிக்கும் அரை உகரத்துக்கு மேலே அவர் போட்ட வளைவு, பெலாரூஸ் எழுத்தில் அதே ஒலிக்கு இருக்கும் வளைவேதான். தன் வாயில் சுலபமாக வந்தது உலகத்தின் வாயிலும் சுலபமாக வரும் என்று நினைத்திருக்கிறார். யாருமே அப்படித்தான் நினைப்போம். தன் உச்சரிப்பில் ஊர்வாடை இருப்பது அவரவர் காதுக்குக் கேட்பதில்லை.

தொண்டையில் உரசும் அந்த எழுத்தைப் பற்றி மட்டும் தனியாக ஒரு வார்த்தை. நம் ஆய்தத்துக்குக் கிட்டத்தட்ட அண்ணன் முறை வேண்டும், 'எஃகு' என்று பழையபடி சொல்லிப் பார்த்தால் தெரியும். விதியும் இரண்டுக்கும் ஒன்று. நம் ஆய்தம் இப்போது 'ஃபேன்', 'காஃபி' என்று வேறு வேலைக்குப் போய்விட்டது. அவர்களுடையது சொல் சொல்லாக க-வுக்கு இடம் விட்டுக்கொண்டு வருகிறது. தொழில்நுட்பம், வேதியியல் என்பதற்கான சொற்களில் முதலில் அதுதான் இருந்தது, இன்று பெரும்பாலோர் க போட்டு எழுதுகிறார்கள். எந்த மாநாடும் கூடித் தீர்மானம் போடவில்லை, பேசுகிறவர்களே நகர்த்திவிட்டார்கள். செய்த மொழி என்றாலும் பேச்சுக்கு வந்தபின் மொழிதான்.

ஆறு எழுத்துகளுக்கு மேலே குறி உண்டு, ஐந்துக்குக் கூரை, ஒன்றுக்கு வளைவு. எஸ்பெராண்டோக்காரர்கள் இவற்றைத் தொப்பி போட்ட எழுத்துகள் என்றே சொல்வார்கள். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அச்சகத்துக்காரர்களுக்கு அந்த எழுத்துகளைத் தேடிப்பிடிப்பது பெரும்பாடாக இருந்தது. அது தெரிந்து சாமன்ஹோஃபே ஒரு மாற்று சொன்னார், தொப்பி கிடைக்காவிட்டால் எழுத்துக்குப் பின்னால் ஒரு ஹ சேர்த்து எழுதலாம். கணினி வந்தபின் ஹ-வுக்குப் பதில் எக்ஸ் போடத் தொடங்கினார்கள், அந்த எழுத்து அவர்கள் நெடுங்கணக்கில் இல்லாததால் குழப்பம் வராது. ஒவ்வொரு இதழின் தளத்துக்கும் தனித்தனி எழுத்துரு இறக்கிக்கொண்டு, அது இல்லாதபோது 'வணக்கம்' என்பதை ஆங்கில எழுத்தில் தட்டிக்கொண்டிருந்த தலைமுறைக்கு இந்தக் கஷ்டத்தை விளக்க வேண்டியதில்லை. யூனிகோடு வந்துதான் இரண்டு பேருக்கும் மூச்சு வந்தது.

இனி பெயர்ச்சொல். இதற்கும் ஒரு தெரு இருக்கிறது.

1895 வாக்கில் போரோவ்கோ என்ற ரஷ்ய நண்பருக்குச் சாமன்ஹோஃப் ஒரு கடிதம் எழுதினார். மொழி எப்படிப் பிறந்தது என்பதற்கு அதுதான் முதல் சாட்சி. பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் ஆங்கிலம் கற்க ஆரம்பித்தபோது, அதன் இலக்கணம் இவ்வளவு சின்னதா என்று அவருக்கு வியப்பு. அதுவரை படித்த லத்தீன், கிரேக்க வாய்பாடுகள் எல்லாம் ஒரு மொழிக்குத் தேவையே இல்லை, வரலாற்றில் தற்செயலாகச் சேர்ந்த மூட்டை என்று புரிந்தது. இலக்கணத்தைச் சுருக்கிவிட்டார். ஆனால் சொற்கள்? ஆயிரக்கணக்கான சொற்களை யார் மனப்பாடம் செய்வது? ஆறாவதோ ஏழாவதோ படிக்கும்போது, பலமுறை பார்த்த ஒரு பலகையை ஒரு நாள் மறுபடி பார்க்கிறார். 'ஷ்வேத்சார்ஸ்கயா', வாயிற்காவலர் அறை. அப்புறம் இன்னொரு பலகை, 'கந்தீத்தெர்ஸ்கயா', மிட்டாய்க் கடை. இரண்டிலும் வால் ஒன்று. ஒரு விகுதியைத் தெரிந்துகொண்டால் ஒரு சொல்லிலிருந்து இன்னொரு சொல்லை நாமே செய்துகொள்ளலாம், அகராதி பாதியாகக் குறையும் என்று அந்த இடத்தில் பொறி தட்டியது என்கிறார்.

அந்த 'ஸ்கயா'தான் எஸ்பெராண்டோவில் 'ஏய்' என்ற இடவிகுதியாக வந்து உட்கார்ந்திருக்கிறது. சமையல் 'கூயிர்', சமையலறை 'குயிரேயோ'. கல்வி 'லெர்ன்', பள்ளி 'லெர்னேயோ'. எனக்கு மிகவும் பிடித்தது மருத்துவமனை: 'மால்சானுலேயோ'. பிரித்தால் ஐந்து துண்டு. 'சான்' என்பது உடல்நலம். முன்னால் 'மால்' சேர்ந்தால் நேரெதிர், அதாவது நோய். 'ஊல்' ஆளைக் குறிக்கும், நோயாளி. 'ஏய்' இடம். கடைசியில் ஓகாரம் வந்து, இது பெயர்ச்சொல் என்று முத்திரை குத்துகிறது. நோயாளிகள் இருக்கும் இடம் என்பதை ஒரே சொல்லில் கொண்டுவந்தாயிற்று. மரம் 'ஆர்போ'. கூட்டத்தைக் குறிக்கும் 'ஆர்' சேர்ந்தால் 'அர்பாரோ', காடு. சொல் 'வோர்தோ', சொற்கூட்டம் 'வொர்தாரோ', அகராதி. பகுதி, விகுதி என்று பள்ளியில் பகுபதம் பிரித்தவர்களுக்கு இது விளையாட்டு.

ஓகாரம் இல்லாமல் பெயர்ச்சொல் கிடையாது. ஆகாரம் வந்தால் பெயரடை, ஏகாரம் வந்தால் வினையடை, இகரம் வந்தால் வினையின் மூல வடிவம். பெயரின் ஓகாரத்துக்குப் பின்னால் ஒட்டுவதற்கு இரண்டே பொருள்கள்: பன்மைக்கு ய், செயப்படுபொருளுக்கு ன். ஆர்போ, ஆர்போய், ஆர்போன், ஆர்போய்ன். மரம், மரங்கள், மரத்தை, மரங்களை. முடிந்தது பெயர்ச்சொல் வாய்பாடு, ரயில் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம்.

இதைத் தமிழோடு வைத்துப் பாருங்கள். மரம், கள், ஐ. முதலில் பகுதி, அப்புறம் பன்மை, அப்புறம் வேற்றுமை. வரிசை அச்சு அசல். பன்மைக்கு ஒரு துண்டு, வேற்றுமைக்கு ஒரு துண்டு, ஒன்றோடு ஒன்று கலக்காது. ரஷ்ய மொழியில் அப்படி இல்லை. புத்தகம் 'க்னீகா', புத்தகத்தை 'க்னீகு', புத்தகங்கள் 'க்னீகி'. கடைசி எழுத்து ஒன்றிலேயே எண்ணும் வேற்றுமையும் கலந்து கிடக்கிறது, ஆறு வேற்றுமைக்கும் ஒருமை பன்மை என்று தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டும். லத்தீனும் கிரேக்கமும் இதே ஜாதி. அவற்றையெல்லாம் படித்து வெறுத்த ஒருவர், கலந்ததைப் பிரித்து வரிசையாக ஒட்டவைத்தால் என்ன என்று யோசித்தபோது, திராவிட மொழிகளும் துருக்கியும் பல ஆயிரம் மைல் தள்ளி உட்கார்ந்திருக்கும் திண்ணைக்கு வந்து சேர்ந்துவிட்டார். வேர்கள் எல்லாம் ஐரோப்பாவிலிருந்து, கட்டுமானம் மட்டும் கீழ்த்திசை.

ஒரு விஷயத்தில் தமிழையும் மிஞ்சிவிட்டார். நாம் மரம் என்பதை 'மரத்து' ஆக்கி, வீடு என்பதை 'வீட்டு' ஆக்கி, ஆறு என்பதை 'ஆற்று' ஆக்கித்தான் உருபு சேர்க்கிறோம். எஸ்பெராண்டோவில் பகுதி அசையவே அசையாது. இன்னொன்று, தமிழ்ச் சொல் வல்லின ஒற்றில் முடியாது, உயிரிலோ ய், ன் போன்ற மெய்யிலோதான் முடியும். எஸ்பெராண்டோப் பெயர்ச்சொல் முடிவதும் ஓ, ய், ன் மூன்றில்தான். அணில் சொல்லின் ஆரம்பத்தில் முள்வேலி போட்டவர், வாலை நம் வாய்க்கு ஏற்றபடி வைத்திருக்கிறார். 'ஓய்ன்' மட்டும் கொஞ்சம் இடறும். பன்மை 'ஓய்' என்பதைக் கேட்கும்போதெல்லாம் யாரோ திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து 'என்ன ஓய்' என்று கூப்பிடுகிற மாதிரி எனக்கு இருக்கும், அது வேறு விஷயம்.

வேற்றுமை எட்டு என்று படித்த நமக்கு இரண்டே இரண்டு என்பது கஞ்சத்தனமாகத் தெரியலாம். மற்றவற்றை முன்னிடைச்சொற்கள் பார்த்துக்கொள்கின்றன. ஆல் என்பதற்கு 'பெர்', உடன் என்பதற்கு 'குன்', கு என்பதற்கு 'அல்', எல்லாம் பெயருக்கு முன்னால் தனிச்சொல்லாக வரும், நமக்குப் பின்னால் வருவது போல இல்லை. எதுவும் பொருந்தாவிட்டால் 'யே' என்று ஒன்று இருக்கிறது. அதற்கென்று தனிப் பொருள் கிடையாது, எந்த இடத்திலும் சொருகலாம் என்று பதினான்காம் விதியே சொல்கிறது. ரம்மியில் ஜோக்கர் மாதிரி.

ஆனால் அந்த ஒரே ஒரு ன், நூறு வருஷத்துக்கும் மேலாகச் சண்டையை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது.

அதன் அடிப்படை வேலை நமக்குப் புதிதில்லை. 'நாய் பூனையைக் கடித்தது' என்றாலும் 'பூனையை நாய் கடித்தது' என்றாலும் கடிபட்டது பூனைதான், ஐ காட்டிக்கொடுக்கிறது. எஸ்பெராண்டோவிலும் 'காத்தோன்' எங்கே நின்றாலும் அதுதான் கடிபட்டது. வித்தியாசம் ஒன்று உண்டு. 'புத்தகம் வாங்கினேன்' என்று ஐ இல்லாமல் நாம் சாதாரணமாகச் சொல்வோம். ஏதோ ஒரு புத்தகம், அஃறிணை, யார் யாரை வாங்கியது என்ற சந்தேகத்துக்கு இடமில்லை. 'புத்தகத்தை வாங்கினேன்' என்றால் நமக்கு ஏற்கெனவே தெரிந்த அந்தப் புத்தகம். எஸ்பெராண்டோவில் இந்தச் சலுகை இல்லை, 'லீப்ரோன்' என்றே சொல்ல வேண்டும். குறிப்பிட்ட புத்தகமா, ஏதோ ஒன்றா என்பதை 'லா' என்ற முன்சொல் சொல்லும். ஆகவே தமிழர் ன்-ஐ விடுகிற இடம் ஆங்கிலேயர் விடுகிற இடத்திலிருந்து வேறு. அவர்கள் எல்லா இடத்திலும் விடுவார்கள், நாம் காபி குடிக்கும்போதும் புத்தகம் வாங்கும்போதும் விடுவோம்.

அடுத்து, தமிழால் செய்ய முடியாததை இந்த ன் செய்கிறது. 'பூனை மேசைமேல் குதிக்கிறது' என்றால் ஏற்கெனவே மேசைமேல் நின்று துள்ளிக்கொண்டிருக்கிறதா, தரையிலிருந்து மேசைக்குத் தாவுகிறதா? சூழலை வைத்துத்தான் சொல்ல முடியும். எஸ்பெராண்டோவில் 'சுர் லா தாப்லோ' என்றால் அங்கேயே துள்ளுகிறது, 'சுர் லா தாப்லோன்' என்றால் தாவி ஏறுகிறது. ஒரு ஒற்று, பூனையின் பயணம் முழுவதையும் சொல்லிவிட்டது. 'அவளைவிட நான் உன்னை அதிகம் நேசிக்கிறேன்' என்பது இன்னும் ஆபத்தான வாக்கியம். அவளை நேசிப்பதைவிடவா, அவள் உன்னை நேசிப்பதைவிடவா? 'விட' என்பது எப்படியும் ஐ-யைக் கேட்பதால் தமிழில் இரண்டும் ஒன்றாகவே ஒலிக்கும். எஸ்பெராண்டோவில் முதலாவதற்கு 'ஷின்', இரண்டாவதற்கு 'ஷி'. குடும்பத்தில் ஒரு சண்டை மிச்சம்.

நாம் 'ஆக' போட்டுச் செய்கிற வேலையையும் அங்கே இந்த ன் பார்க்கிறது, அதுவும் இல்லாமல் இருந்தே. கதவு 'போர்தோ', சிவப்பு 'ரூஜா' (ரோஜாவை நினைத்துக்கொண்டால் மறக்காது). 'சிவப்புக் கதவுக்குப் பெயின்ட் அடித்தேன்' என்றால் இரண்டிலும் ன் வேண்டும்: 'ரூஜான் போர்தோன்'. 'கதவைச் சிவப்பாகப் பெயின்ட் அடித்தேன்' என்றால் கதவில் மட்டும் ன், சிவப்பு வெறுமனே 'ரூஜா'. இதற்காகத்தான் பெயரடையும் பெயரோடு சேர்ந்து ய், ன் எல்லாம் ஏற்க வேண்டும் என்று வைத்தார் போலிருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். எனக்கு அது முழுச் சமாதானம் இல்லை. 'பெரிய மரங்கள்' என்று சொல்கிறவர்களுக்கு, 'க்ராந்தாய் ஆர்போய்' என்று பெரியதையும் பன்மையாக்குவது 'பெரியகள் மரங்கள்' என்று சொல்கிற மாதிரிதான். ரஷ்யமும் லத்தீனும் செய்கிறதே என்ற பழக்கதோஷம் இது. ஒலியைப் போல இங்கும் தெரு கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது.

இந்த ன் அவருக்கே ஆரம்பத்தில் காலை வாரிவிட்டது. 1887 நூலில் 'எப்போது' என்பதற்குக் 'கீயான்' என்று வைத்திருந்தார். 'எப்படிப்பட்ட' என்பது 'கீயா'. 'எப்படிப்பட்டதை' என்று கேட்க ன் சேர்த்தால்? அதுவும் 'கீயான்'. அடுத்த ஆண்டே 'எப்போது' என்பதைக் 'கீயாம்' என்று மாற்றினார்.

அதைவிடப் பெரிய மாற்றத்தை 1894-இல் அவரே முன்வைத்தார். ன் போகட்டும், பெயரடை ஒத்துப்போவது போகட்டும், தொப்பிகளும் 'லா'வும் போகட்டும் என்று பட்டியல் போட்டு, அப்போது வந்துகொண்டிருந்த இயக்க இதழின் வாசகர்களிடம் வாக்குக்கு விட்டார். கற்றவர்களில் பெரும்பாலோர் எதுவும் மாற வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். உருவாக்கியவரே வீட்டை இடித்துக் கட்டுகிறேன் என்கிறார், குடியிருப்பவர்கள் விடவில்லை. 1905-இல் பிரான்ஸின் பூலோன் நகரில் முதல் உலக மாநாடு கூடியபோது, அடிப்படை விதிகள் கைவைக்கக் கூடாதவை என்று உறுதியானது. இரண்டே வருஷம், 1907-இல் பாரிஸில் கூடிய ஒரு அறிஞர் குழுவிடம் திருத்திய வடிவம் ஒன்று வந்து சேர்ந்தது. அதுதான் பிறகு 'இதோ' என்ற தனி மொழியாகப் பிரிந்தது. தொப்பி இல்லை, பெயரடைக்கு ய் இல்லை ன் இல்லை, செயப்படுபொருள் எழுவாய்க்கு முன்னால் வந்தால் மட்டும் ன். தனித்தனியாகப் பார்த்தால் நியாயமான திருத்தங்கள். ஆனால் ஆட்கள் எஸ்பெராண்டோவோடுதான் தங்கினார்கள்.

எஸ்பெராண்டோவைத் தாய்மொழியாக, வேறு மொழிகளோடு சேர்த்து, வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். 2001-இல் வெளிவந்த பென்ஜமின் பெர்கனின் ஆய்வு அவர்கள் பேச்சைப் பதிவுசெய்து பார்த்தது. அவர்கள் ன்-ஐப் பல இடங்களில் விட்டுவிட்டு, எழுவாய், வினை, செயப்படுபொருள் என்று வரிசையை இறுக்கிக்கொள்கிறார்கள். இலக்கணப் புத்தகம் படித்தவர்கள் தப்பு என்பார்கள். வாசகர் வாக்கில் தோற்றது வீட்டுக்குள் ஓசையில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது.

உறவுப் பெயர்களையும் சொல்லிவிட வேண்டும். அப்பா 'பாத்ரோ'. அம்மா? பெண்பால் விகுதி 'இன்' சேர்த்து 'பத்ரீனோ'. அப்பாவிலிருந்து அம்மாவைச் செய்திருக்கிறார். மாணவன், மாணவி சரி, ஆனால் 'அப்பாள்' என்று ஒரு சொல்லை எந்தத் தமிழ்ப் பிள்ளையும் சொல்லாது. ஆண்பாலுக்கும் தனி விகுதி வேண்டும் என்று இன்று 'இச்' என்பதைச் சிலர் பயன்படுத்துகிறார்கள். அண்ணனும் தம்பியும் ஒரே 'ஃப்ராத்தோ'. பெரியப்பா, சித்தப்பா, மாமா எல்லாரும் ஒரே 'ஓன்க்லோ'. ஒரு கல்யாணப் பத்திரிகையை இந்த மொழியில் அடித்தால் பந்தியில் அடிதடி நிச்சயம்.

நான் அடித்தது பத்திரிகை இல்லை, ஒரு வாக்கியம்தான். நோட்டை மூடிவிட்டு ரோமன் எழுத்துக்கு மாறியபின், பயிற்சிக்காக முருகன் வள்ளியைப் பார்த்தான் என்று எழுதினேன். பார்த்தான் என்பதற்கு 'வீதிஸ்'. வெளிநாட்டுப் பெயர்களை அப்படியே விடலாம் என்று படித்திருந்ததால், 'முருகன் வீதிஸ் வள்ளி' என்று போட்டேன். இரண்டு நாள் கழித்து வாசித்தபோதுதான் உறைத்தது. முருகனின் வாலில் ன் இருக்கிறது, வள்ளியிடம் இல்லை. சொல்வரிசைக்கு அங்கே மதிப்பில்லை. எஸ்பெராண்டோ பழகிய கண்ணுக்குப் பார்த்தது வள்ளி, பார்க்கப்பட்டது 'முருகா' என்ற ஏதோ ஒரு பெயரடை. போதாததற்கு இகரத்தில் முடிகிற வள்ளி, வினைச்சொல் மாதிரி வேறு நிற்கிறாள். கடைசியில் முருகனுக்கு ஓகாரம் கொடுத்து, வள்ளிக்கு ன் கொடுத்துத் திருத்தினேன்: 'முருகனோ வீதிஸ் வள்ளின்'.

தமிழில் அதை வாசித்தால், பார்த்தது முருகன்தானா என்று யாரோ சந்தேகப்படுகிற மாதிரி இருக்கிறது.